கவெல்லோ என்று எழுதிய புட்டி

எவாசியோ கவெல்லோவுக்கு அறுபத்தோரு வயதில்தான் இது நடந்தது. அதற்கு முன்னால் அவரைப் பற்றிச் சொல்ல வால்ரோவா ஊரில் யாரிடமும் பெரிதாக எதுவும் இருந்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சர்ச்சுக்குப் போவார், ஆனால் பாட மாட்டார். ஊருக்கு மேலே சரிவில் ஒன்றரை ஹெக்டேர் திராட்சைத் தோட்டம். எல்லாம் பார்பேரா கொடிதான். வருஷத்துக்கு ஏழெட்டாயிரம் புட்டி ஒயின் தேறும். குடித்தால் கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும், அவ்வளவு புளிப்பு. அதற்குப் பின்னால்தான் பழம் தெரியும், கடைசியில் மழையில் நனைந்த இரும்பின் வாசனை. மொன்ஃபெர்ராத்தோ குன்றுப் பகுதியில் எத்தனையோ பேர் பார்பேரா போடுகிறார்கள். அந்த இரும்பு வேறு எவருடையதிலும் கிடையாது. முடி திருத்துகிறவரிலிருந்து பாதிரியார் வரை கண்ணை மூடிக்கொண்டு குடித்தாலும், "இது எவாசியோவோடது" என்பார்கள். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

என் பெயர் இர்மா. கவெல்லோ வீட்டில் பதினான்கு வருஷம் சமைத்தேன். இதை நான் வெளியில் நின்று பார்த்தவளாகச் சொல்லவில்லை. எனக்கும் இதில் பங்கு உண்டு. அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

எவாசியோவுக்கு நான்கு வயது மூத்தவள் நிவெஸ். சூரிச்சில் ஒரு பெரிய ஹோட்டலில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, மூன்று பாஷைகளோடும் இரண்டு பெட்டிகளோடும் ஊர் திரும்பினாள். மாட்டுக்கொட்டிலையும் வைக்கோல் பரணையும் இடித்துக் கட்டி எட்டு அறையாக்கினாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருவார்கள், அடுத்த சனிக்கிழமை போவார்கள். ஜெர்மன்காரர்கள், டச்சுக்காரர்கள், சில சமயம் அமெரிக்கர்கள். காலை ஒன்பதரைக்கு முன்னால் யாரையும் எழுப்பக் கூடாது என்பது நிவெஸின் சட்டம். திங்கட்கிழமை வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி செய்யும் வீட்டுக்கு நடை. செவ்வாய்க்கிழமை என் சமையலறையில் மாவு தேய்த்து, கறி பொதிந்து, அஞ்ஞொலோத்தி மடிக்கக் கற்றுக்கொள்வார்கள். பாதி பிய்ந்து போகும், நான் பின்னால் சரிசெய்வேன். புதன்கிழமை சந்தை. வியாழக்கிழமை முற்றத்தில் நீள மேஜை போட்டுப் பெரிய மதியச் சாப்பாடு. ஒரு மணிக்கு உட்கார்ந்தால் நாலரைக்குத்தான் எழுந்திருப்பார்கள். யாராவது கைக்கடிகாரத்தைப் பார்த்தால் நிவெஸ் சிரித்துக்கொண்டே, "மெதுவாச் சாப்பிடுங்க, இங்க யாருக்கும் ரயில் கெடையாது" என்பாள்.

அந்த வியாழக்கிழமைச் சாப்பாட்டில்தான் எவாசியோ வந்து உட்காருவார். சலவைச் சட்டை, சீவிய தலை. தன் ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, எங்கள் ஊர்ப் பேச்சில் நான்கு வார்த்தை சொல்வார். நிவெஸ் அதை விருந்தாளிகளின் பாஷையில் சொல்வாள். அவர்கள் கைதட்டுவார்கள். அவருக்குக் காது மடல் சிவந்துவிடும்.

பெருந்தொற்று வந்த குளிர்காலத்தில் எவாசியோ பதினேழு நாள் ஆஸ்தி நகர ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வந்தார். ஆனால் மூக்கு போய்விட்டது. பூண்டைப் பச்சையாகக் கடித்துவிட்டு, "மெழுகு மாதிரி இருக்கு, இர்மா" என்றார். ஒரு வருஷம் பார்த்தார். பிறகு நிலவறைச் சாவியைத் தானே கொண்டுவந்து அக்காவின் முன்னால் மேஜையில் வைத்தார்.

"கண்ணு தெரியாதவன் வண்டி ஓட்டக் கூடாது. நீயே யாரையாவது பாத்து வெச்சுக்கோ. கொடிய நான் பாத்துக்கறேன்."

நிவெஸ் பக்கத்து ஊரிலிருந்து குவின்தோ என்ற ஆளை நிலவறைக்கு அமர்த்தினாள். எவாசியோ தோட்டத்தோடு நின்றுவிட்டார். வெட்டுவது, கட்டுவது, மருந்தடிப்பது, அறுவடை. பழம் நிலவறை வாசலுக்குப் போனதும் அவர் வேலை முடிந்தது. நிலவறைக்குள் காலே வைக்க மாட்டார். "உள்ள போனா பைத்தியம் புடிக்கும்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார்.

ஆனால் வியாழக்கிழமைக்கு அவர் வேண்டும் என்றாள் நிவெஸ். "விருந்தாளிங்க உன்னப் பாக்கத்தான்டா வர்றாங்க. வழக்கமா சொல்றதச் சொல்லு, போதும்." எனவே அவர் வந்தார். வாயில் ஒன்றும் தெரியாமல் ஒரு வாய் குடித்து, ஞாபகத்திலிருந்து சொன்னார்: புளிச்ச செர்ரி, வயலெட் பூ, கடைசியில் நனைஞ்ச இரும்பு. வாரா வாரம் அதே வார்த்தைகள். கைதட்டல். மூன்று வருஷம்.

இப்போது என் பங்கு.

அவர் சாவியைக் கொடுத்த இரண்டாவது வருஷம் ஏப்ரலில், எவாசியோ ஆஸ்திக்குப் பரிசோதனைக்குப் போன நாளில், முற்றத்துக்கு ஒரு தொட்டி லாரி காலியாக வந்தது. குவின்தோ குழாயை நிலவறைக்குள் விட்டான். நிறைந்து போனது. மத்தியானம் இன்னொரு லாரி நிறைந்து வந்தது, காலியாகப் போனது. நான் சமையலறை ஜன்னலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். என்ன நடக்கிறது என்று விளங்கச் சமையல்காரிக்கு நேரமா ஆகும்? கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன்.

"நிவெஸ், இது என்ன? அவரோட ஒயின் எங்க போகுது?"

"சூரிச்சுக்கு. எனக்குத் தெரிஞ்ச வியாபாரி. மொத்தமா எடுத்துக்கறான். கூரை ஒழுகுறது உனக்குத் தெரியும்ல? ரெண்டு வருஷம் ஒரு விருந்தாளி வரல, அது தெரியும்ல?"

"அப்ப இது?"

"சமவெளிலேர்ந்து வந்தது. மோசமில்ல. இவங்களுக்கு இது போதும்."

"அவர்கிட்டச் சொல்ல வேணாமா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. "எதுக்கு? அவனுக்குத்தான் தண்ணிக்கும் ஒயினுக்கும் வித்தியாசமே தெரியலயே. அவன் மனச நோகடிச்சு என்ன ஆகப்போகுது?"

நான் திரும்பி வந்து வெங்காயத்தை முடித்தேன். என் பையன் தூரினில் படித்துக்கொண்டிருந்தான். இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அன்று சாயங்காலம் எவாசியோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சமையலறையில் உட்கார்ந்து என் சூப்பைக் குடித்தபோது, "இன்னிக்கு வீட்டுல என்ன விசேஷம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்று சொன்னது என் வாய்தான்.

புட்டியில் ஒட்டும் சீட்டு மட்டும் மாறவில்லை. கவெல்லோ என்று அவர்கள் அப்பா எழுதிய எழுத்திலேயே அச்சடித்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் எவாசியோவுக்கு நான்கு சின்னச் சீசா கொடுத்திருந்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மோந்து, அந்த வாசனையை நினைத்துப் பார்க்க வேண்டும், சில பேருக்கு அப்படித் திரும்பி வரும் என்று சொல்லியிருந்தார். அவர் அதைக் கோயில் காரியம் மாதிரிச் செய்துவந்தார். ஒரு நாள் நிவெஸ் அவர் அறையைச் சுத்தம் செய்தபோது அந்தப் பெட்டி காணாமல் போனது. நிவெஸ், "போனாப் போகுது விடு, ஒண்ணரை வருஷமா என்ன கண்ட?" என்றாள். அதற்குப் பிறகு என் மசாலா அலமாரியில் கிராம்பு சீக்கிரம் தீர ஆரம்பித்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

வாசனை திரும்பி வந்தது. முதலில் கோணலாக. காப்பி ரப்பர் எரிவது போல நாறியதாம். பிறகு ஒரு மே மாதக் காலையில், தோட்டத்தில் வெட்டிப் போட்ட புல்லின் வாசனை. உட்கார்ந்து அழுததாகப் பின்னால் குவின்தோவிடம் சொன்னார். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி போய்விடுமோ என்று பயம். கோடை முழுக்க ஒவ்வொன்றாகச் சேர்த்தார்: தக்காளி இலை, நாயின் தலை, மெஷின் எண்ணெய், என் ஹேசல்நட் கேக். ஒயினை மட்டும் தொடவில்லை. அந்தக் கோடையில் வீடு பழுதுபார்ப்புக்காக மூடியிருந்ததால் வியாழக்கிழமைகளும் இல்லை. செப்டம்பரில் முதல் கூட்டம் வந்தபோது முகத்தை மழித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வியாழக்கிழமை மேஜைக்கு வந்தார். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாரே என்று நினைத்தேன்.

கோப்பையை எடுத்தார். வழக்கமாக உடனே குடித்துவிடுவார். அன்றைக்கு மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தினார். வெகுநேரம். பிறகு குடித்தார்.

அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தேகம், தன் மேலேயே. இன்னொரு வாய் குடித்தார். ரொட்டியைக் கடித்து வாயைச் சுத்தம் செய்து மூன்றாவது வாய். ஜாம் போலத் தித்திப்பு, மேலே மரத்தூள். கன்னம் இழுக்கவில்லை. இரும்பு இல்லை. புட்டியைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தார். குவின்தோவைப் பார்த்தார். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். பிறகு அக்காவைப் பார்த்தார். அவள் விருந்தாளிகளிடம் சிரித்துக்கொண்டே, "எவாசியோ, சொல்லு, காத்திருக்காங்க" என்றாள்.

புளிச்ச செர்ரி, வயலெட் பூ, நனைஞ்ச இரும்பு என்று அவர் சொன்னார். கைதட்டினார்கள். அவர் காது அன்றைக்குச் சிவக்கவில்லை.

மறுநாள் காலையில் குவின்தோவிடம் சாவியைக் கேட்டு வாங்கினார். நிலவறையில் பீப்பாய் பீப்பாயாகக் குடித்துப் பார்த்தார். வெளியே வந்தபோது நிவெஸ் முற்றத்தில் விருந்தாளிகளின் மேஜைத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"எத்தன வருஷமா?" என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. துணியை விடாமல், "உனக்கு எப்ப திரும்பி வந்துச்சு?" என்றாள்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ரெண்டு அறுவட. டேய், கேளு. கூரை போட்டேன். பேங்க்ல கட்டினேன். உன் ஆஸ்பத்திரிக்கு யார் அலஞ்சா? சூரிச்காரன் குடுத்த வெலைக்கு இந்த ஊர்ல எவன் வாங்குவான்? நல்ல எடத்துக்குத்தான் போச்சு உன் ஒயினு."

"என் பேர்லயா போச்சு?"

அவள் அடுத்த துணியை உதறினாள். வியாபாரி வேறு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"என்னோடது பேரில்லாமப் போச்சு. எவனோடதோ என் பேர்ல வந்துச்சு."

"அது என் பேருந்தான், எவாசியோ. எனக்கும் அவர்தான் அப்பா."

"பேரு உன்னோடதுதான். வாயி என்னோடது. ஒவ்வொரு வியாழக்கெழமையும் என் வாயால பொய் சொல்ல வெச்சியே. செர்ரியாம், இரும்பாம். உள்ளுக்குள்ள சிரிச்சிருப்ப."

"சிரிக்கல. சத்தியமாச் சிரிக்கல."

அவர் ஓர் அடி கிட்டே வந்தார். குரல் இறங்கிவிட்டது. "அந்தச் சீசாப் பெட்டிய நீதான் எடுத்தியா?"

"சுத்தம் பண்றப்ப எங்கயோ..."

"வித்ததக்கூட விடு. எனக்குக் கணக்கு வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் கொணமாகணும்னு நீ ஒரு நாளாவது நெனச்சியா? இல்ல, ஆகிடக் கூடாதுன்னு நெனச்சியா?"

நிவெஸ் ஈரத் துணியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. ஆனால் அன்றைக்கு, "தெரியல" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

தலையை ஆட்டினார், யாரோ விலாசம் சொன்னதைக் கேட்டுக்கொண்ட மாதிரி. தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். வேலைச் சட்டையோடு. புதுக் கூட்டம், பத்துப் பேர். பாதாம் போட்ட கோழி ஈரலும் அஞ்ஞொலோத்தியும் முடிந்து, ஒயினில் வேகவைத்த மாட்டுக்கறி மேஜைக்குப் போயிருந்தது. நிவெஸ் வேறு வழியில்லாமல் அவரை அறிமுகப்படுத்தினாள். அவர் எழுந்து நின்றார். ஊர்ப் பேச்சில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"இந்த ஒயின் நான் போட்டதில்ல. யார் போட்டான்னு எனக்குத் தெரியாது. சமவெளிலேர்ந்து லாரில வந்தது. கவெல்லோன்னு மேல ஒட்டினது என் அக்கா."

நிவெஸ் இங்கிலீஷில் சொன்னாள். எனக்கு அந்தப் பாஷை சமையலறை அளவுக்குத் தெரியும். புளிச்ச செர்ரி, வயலெட் பூ, மழையில் நனைந்த இரும்பு என்றாள். குரல் நடுங்கவே இல்லை.

பத்துப் பேரும் கைதட்டினார்கள். ஒருவர் கோப்பையை உயர்த்தினார்.

எவாசியோ அவர்கள் முகங்களைப் பார்த்தார். திருட்டைப் பற்றிக் கேட்டவர்கள் இப்படிச் சிரிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுபடியும் சொன்னார், சத்தமாக. நிவெஸ், "என் தம்பி கவிஞன் மாதிரிப் பேசுவான்" என்று அவர்களிடம் சொன்னாள். அவர்கள் இன்னும் சிரித்தார்கள்.

அப்போது அவர் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"இர்மா, உனக்கு அவங்க பாஷ கொஞ்சம் தெரியும்ல? நீ சொல்லு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிவெஸும் பார்த்தாள். மிரட்டவில்லை, வெறுமனே பார்த்தாள்.

"அடுப்புல வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. எல்லாம் பரிமாறியாகிவிட்டது.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் அந்த வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். குவின்தோதான் எழுந்தான். லாரி வருவதற்கு முன்னால் அவன் தனக்குக் குடிக்க என்று இரண்டு பெரிய கண்ணாடிக் குடுவை நிறைய எவாசியோவின் ஒயினைத் திருடிப் பதுக்கி வைத்திருந்தான். அந்தத் திருட்டால்தான் அந்த வருஷத்து ஒயின் ஊரில் மிச்சம் இருந்தது. ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தான். எவாசியோ கூஜாவில் ஊற்றி, ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டாவது கோப்பை வைத்து, தானே ஊற்றிக்கொண்டு போனார்.

எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒரு ஜோடி முகம் சுளித்து முதல் ஒயினுக்கே திரும்பியது. ஒருவர் இரண்டையும் கலந்தே குடித்துவிட்டார். டென்மார்க்கிலிருந்து தனியாக வந்திருந்த ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருத்தி மட்டும், இரண்டு கோப்பையையும் மாற்றி மாற்றி மோந்து பார்த்தாள். புட்டிச் சீட்டைக் காட்டி, எவாசியோவைக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். கூஜாவைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டார்.

அவள் நிவெஸிடம் மெதுவாகக் கேட்டாள், "உங்க தம்பி இப்ப நெஜமா என்ன சொன்னாரு?"

நிவெஸுக்கு மூன்று பாஷை தெரியும். அன்றைக்கு ஒன்றிலும் பதில் வரவில்லை. அந்த மௌனத்தை மேஜையில் இருந்த எல்லோரும் புரிந்துகொண்டார்கள். பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். சாக்லேட் புட்டிங் வருமா என்று ஒருவர் கேட்டார். நான் கொண்டுபோய் வைத்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

டென்மார்க்காரி ஊருக்குப் போய் நடந்ததை இணையத்தில் எழுதினாள். அடுத்த வருஷம் அறைகளில் பாதி காலியாக இருந்தது. அதற்கு முன்பே எவாசியோ வக்கீலைப் பார்த்துவிட்டார். வீடு நிவெஸுக்கு, தோட்டமும் நிலவறையும் அவருக்கு. அளக்க வந்தவர்கள் முற்றத்தின் நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள், பிறகு அந்தக் கோட்டில் கம்பி வேலி வந்தது. வேலி போடும்போது நிவெஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். பெயரை இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுப் பலகையிலும் கவெல்லோ, புட்டியிலும் கவெல்லோ. அவள் இப்போது பக்கத்துக் குன்றுக்காரரின் ஒயினை அந்த ஆளின் பெயரிலேயே ஊற்றுகிறாள். விருந்தாளிகள் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அவள் இடுப்பு முறிந்து கிடந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. அவர் போகவில்லை. "போங்க, கூடப் பொறந்தவதான" என்று பாதிரியார் சொன்னதற்கு, "தெரியும் சாமி, அதனாலதான்" என்றாராம்.

எவாசியோ நிலவறையை ஒட்டி ஒரு அறை போட்டுக்கொண்டு இருக்கிறார். குவின்தோவை வேலையை விட்டு அனுப்பவில்லை. சந்தையில் பார்த்துக்கொண்டால் எனக்கு "நாள் நல்லாருக்கட்டும்" என்பார். அவ்வளவுதான். நான் நிவெஸிடம் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடச் சமையலுக்குப் போய்விட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அவர் கொடியைக் கட்டிக்கொண்டே, "வேலையிருக்கு, இர்மா" என்றார்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது செப்டம்பரில் குவின்தோ வந்து, அறுவடைக்கு ஒன்பது பேருக்குச் சமைக்க ஆள் இல்லை, அவர் உன்னைக் கூப்பிடச் சொன்னார் என்றான். போனேன். குடைமிளகாயும் கத்திரிக்காயும் சுட்டு, முயல் வதக்கி, கேக் செய்தேன். மதியம் மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. எவாசியோ புட்டியைத் திறந்து மேஜையின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொருவராக ஊற்றிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் புட்டியை என் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

நானே ஊற்றிக்கொண்டேன். நான்கு வருஷமாக அறுவடைக்குப் போகிறேன். இன்றைக்கும் புட்டியை என் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போகிறார்.